ஒளித்து வைத்த குளிசைகள்

கேள்வி

டொக்டர் ஐயா, நாங்கள் விசுவமடுப் பக்கம் இருக்கிறம். 2009 மார்ச்சில மாத்தளனில செல் விழுந்து என்ர மனுசனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லாமல் போச்சுது. செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தினபடியால்தான் உயிரோட இருக்கிறார். இடுப்புக்குள்ள இப்பவும் ரெண்டு பீஸ் இருக்கு. எடுக்க வெளிக்கிட்டால் நடக்கேலாமல் போகலாம் எண்டு அப்பிடியே விட்டிட்டினம். பிறகு தடுப்பிலயும் ஒரு வருசத்துக்கு மேல இருந்தவர். இப்ப றோட்டுக் கரையில சின்னதாச் சைக்கிள் திருத்துற கடை வைச்சிருக்கிறார்.

இல்லாத காலில குதி எரியுது, விரல் முறுக்குது எண்டு இரவிரவாக் கத்துவார். ஆறேழு வருசத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில பிரகபலின் எண்ட கப்சூல் குடுத்தவை. 75 மில்லிகிராம், காலமை ஒண்டு, இரவு ஒண்டு. நல்லாக் கேட்டது. நாலைஞ்சு மாதம் மனுசன் நிம்மதியா நித்திரை கொண்டார். பிறகு 150 ஆக்கிச்சினம். 2022இல ஆஸ்பத்திரியில மருந்து இல்லை, வெளியில வாங்குங்கோ எண்டு துண்டு எழுதித் தந்தவை. அதோட கிளினிக்குக்குப் போறதை விட்டிட்டார். பாமசியில துண்டு கேக்காமலே குடுக்கினம். இப்ப ஒரு நாளைக்கு 150 கப்சூல் ஆறு, சில நாளில எட்டு. இரவில சின்ன வெள்ளைக் குளிசையும் ஒண்டோ ரெண்டோ. டயஸிபாமாம். பெருநாள் விசேசத்தில சாராயமும் சேரும்.

கடையில இருந்தபடியே தூங்கி விழுறார். கதை குழறுது. கேட்டால், "டொக்டர் தந்த மருந்துதானே, நானென்ன தூளா அடிக்கிறன்?" எண்டு பாய்வார். போன மாதம் ஆத்திரத்தில எல்லாத்தையும் எடுத்து அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சன். மூண்டாம் நாள் விடியப்புறம் வலிப்பு வந்திட்டுது. ஓட்டோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினம். பழைய தலைக்காயத்தால வந்திருக்கலாம் எண்டு சொல்லிச்சினம். குளிசைக் கதையை நாங்கள் வாயே திறக்கேல்லை. இப்ப திரும்பவும் எடுக்கிறார்.

இது பழக்கமா, வருத்தமா? எப்பிடி நிப்பாட்டுறது? ஆஸ்பத்திரியில உண்மையைச் சொன்னால் பொலிசுக்குச் சொல்லி எங்கயும் முகாமுக்கு அனுப்பிப்போடுவினமோ எண்டு அவருக்குப் பயம். அந்தப் பாமசியை எங்க முறையிடுறது? இன்னொண்டு. ஓ.எல். எழுதப்போற மகன்ர புத்தகப் பைக்குள்ள போன கிழமை ரெண்டு கப்சூல் கண்டனான். இவருக்கு இன்னும் சொல்லேல்லை.

பெயர் வேண்டாம், விசுவமடு

பதில்

தங்கச்சி, அந்த வலிப்பிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாம் நாள் வந்த வலிப்புக்குப் பழைய தலைக்காயத்தைவிட அரிசி வாளிதான் காரணமாக இருக்கக்கூடும். பிரகபலினையும் டயஸிபாமையும் பல மாதம் கூடிய அளவில் எடுத்த உடம்பு, ஒரேயடியாக அவை இல்லாமல் போனால் கட்டுப்பாடு இழக்கும். வியர்வை, நடுக்கம், நித்திரையின்மை, வயிற்றோட்டம், காரணமில்லாத பதற்றம் என்று தொடங்கி, சிலருக்கு வலிப்பில் போய் முடியும். சிலர் மாறாட்டமாகப் பிதற்றுவார்கள். உயிர் போனவர்களும் உண்டு. ஆத்திரத்தில் செய்தீர்கள், அது விளங்குகிறது. உங்கள் இடத்தில் இருந்த எத்தனையோ மனுசிமார் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் இனி ஒளிக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்வரை அவர் வழக்கமாக எடுக்கிற அளவுக்கு மேல் ஒன்றுகூடப் போகாமல், சாராயம் ஒரு சொட்டும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போக்கும் கன நாளைக்கு வேண்டாம், இந்தக் கிழமைக்குள் போங்கள். போகும்போது வலிப்புக்கு முந்திய மூன்று நாள் கதையை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அது தெரியாமல் எழுதப்படுகிற எந்த மருந்தும் குருட்டு மருந்துதான். வலிப்பு வருத்தம் என்று முடிவுகட்டி வருடக்கணக்கில் இன்னொரு குளிசையைத் தலையில் கட்டிவிடவும் கூடும்.

இனி, பழக்கமா வருத்தமா என்ற கேள்வி.

பிரகபலின் 2004இல் மேற்கு நாடுகளில் அனுமதி பெற்ற மருந்து. அடிபட்ட நரம்பு தேவையில்லாமல் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தக் கத்தலைத் தணிப்பது அதன் வேலை. நரம்பு முனைகளில் கல்சியம் உள்ளே போகிற வாசலில் ஒட்டிக்கொண்டு, நோவுச் செய்தி பாய்வதைக் குறைக்கிறது. சலரோகக்காரரின் கால் எரிவு, அக்கிக்குப் பிறகு வரும் நோ, முள்ளந்தண்டுக் காயம் என்று பலதுக்கும் நல்ல மருந்து. ஆஸ்பத்திரியில் அதை எழுதிய டொக்டர் பிழை செய்யவில்லை. வன்னியில் செல் துண்டோடு நடமாடுகிறவர்களுக்கு நரம்பு நோ இல்லாமல் வேறென்ன வரும்?

வந்த புதிதில் இதற்கு அடிமையாவது அரிது என்றுதான் எங்கள் தொழிலில் பலரும் நினைத்தார்கள். பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. கூடிய அளவில் எடுத்தால் ஒரு மிதப்பும் சுகமும் வரும், உடம்பு பழகியதும் அதே சுகத்துக்கு இன்னும் கூட வேண்டும். 2019 ஏப்ரலில் பிரித்தானியா இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், இதை வேறு மயக்க மருந்துகளோடு எடுத்தால் மூச்சு அமுங்கலாம் என்று எச்சரித்தது. எங்கள் பக்கத்தில் பொலிசார் பிடிக்கிற 'போதை மாத்திரை' என்று செய்தியில் வருவதில் பலவும் இந்தக் கப்சூல்தான். உங்கள் மனுசன் சட்டைப் பைக்குள் வைத்திருப்பதும் அதேதான். அவர் நோவுக்கு என்று தொடங்கினார், பஸ் நிலையத்தடிப் பெடியன் சுகத்துக்கு என்று தொடங்கினான், அவ்வளவுதான் வித்தியாசம்.

உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது ஒன்று, மருந்துக்கு அடிமையாவது இன்னொன்று. டொக்டர் சொன்ன அளவை ஒழுங்காக எடுக்கிறவருக்கும் உடம்பு பழகும். திடீரென்று விட்டால் அவருக்கும் வருத்தம் வரும். அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. வாழ்க்கையின் மற்றக் காரியங்கள் எல்லாம் குளிசைக்கு வழிவிட்டு ஒதுங்கத் தொடங்கும்போதுதான் அடிமையாதல் என்ற அந்த மற்ற வருத்தம் தொடங்குகிறது. அதுவும் வருத்தம்தான், தங்கச்சி. கெட்ட குணம் என்று பார்த்தால் நீங்கள் வீட்டுக்குள் பொலிஸ்காரியாக மட்டும்தான் மிஞ்சுவீர்கள்.

அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை கப்சூல் வருகிற வெள்ளிக் காட்டே சொல்லும். பத்துக் கப்சூல் உள்ள ஒரு காட், நாளுக்கு இரண்டு எடுத்தால் ஐந்து நாள் வரும். உங்கள் வீட்டில் இரண்டு நாளும் தாங்குவதில்லை. ஆறு கப்சூல் என்றால் 900 மில்லிகிராம், எட்டு என்றால் 1200. பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுதக்கூடிய உச்ச அளவே 600. வெறும் காட்டுகளை எங்கே போடுகிறார் என்று பாருங்கள். முழுக் காட்டாக வாங்காமல் கத்தரியால் வெட்டிய இரண்டு மூன்றாக வருகிறதா? ஒரே பாமசியா, மூன்று பாமசியா? கடைத் திறப்பை மறந்துபோனாலும் கப்சூலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறாரா? முடியப்போகிறது என்றால் இரண்டு நாளுக்கு முதலே எரிந்து விழுகிறாரா? இதில் ஒன்று இரண்டு யாருக்கும் இருக்கும். எல்லாம் சேர்ந்திருந்தால் கதை வேறு. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், சண்டை இல்லாத ஒரு பொழுதில்: "கால் நோ குறைஞ்ச நாளிலயும் அதே ஆறுதானே எடுக்கிறீங்கள்?" ஓம் என்றால், அந்த ஆறில் ஒரு பங்கு இப்போது நோவுக்குப் போகவில்லை. அதை அவரே தன் வாயால் சொல்வது, நீங்கள் நூறுதரம் சொல்வதைவிடப் பெறுமதி.

உடம்பு காட்டும் அடையாளங்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். குழறல், தூக்கம். கண் மங்கல், மறதி, திடீர் நிறை கூடல், கணுக்கால் வீக்கம் இவையும் பிரகபலினால் வரும். பொய்க்காலோடு நடக்கிறவருக்குத் தள்ளாட்டம் என்பது சின்னக் காரியமில்லை. ஈரக் கிணற்றடியில் ஒரு விழுகை போதும், மிஞ்சிய காலின் இடுப்பெலும்பு போய்விடும். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவராக இருந்தால் திறப்பை வாங்கி வையுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு பந்தி. இதே கதை ட்ரமடோலிலும் நடக்கிறது. அது அபின் குடும்பத்து நோ மருந்து, நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவும் வலிப்பைக் கொண்டுவரக்கூடும். குளோனசெபாம், அல்பிரசோலம் எல்லாம் டயஸிபாமின் சகோதரங்கள். இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு மேல் தொடர்ந்து எடுக்கக் கூடாதவை, வருடக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. கொடீன் கலந்த இருமல் பாணியும் இந்தக் கூட்டம்தான். ஆனால் மனநலக் கிளினிக்கில் தருகிற எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் புளுஒக்செற்றின், சேட்றலின், மனப்பிறழ்வுக்குத் தரும் றிஸ்பெரிடோன், ஒலன்சபின் இவையெல்லாம் அடிமையாக்கும் மருந்துகள் இல்லை. "அது நித்திரைக் குளிசை, பழகிப்போவாய்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு அவற்றை விட்டு, திரும்பவும் வாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காமார் எங்கள் சுகாதாரச் சேவையின் பெரும் சவால்களில் ஒன்று.

நிறுத்துவது எப்படி என்று கேட்டீர்கள். கணக்குக்குள் கொண்டுவருவதுதான் முதல் வேலை, நிறுத்துவது அதற்குப் பிறகு வருகிற வேலை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விசயமே இதுதான். இன்று அவர் எத்தனை எடுக்கிறார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. ஒரு கொப்பியில் நேரமும் எண்ணிக்கையும் எழுதுங்கள், மூன்று நாளைக்குப் போதும். அந்தக் கொப்பியையும், வெறும் காட்டுகளையும், பழைய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். முல்லைத்தீவு நகரை அண்டியவர்களுக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரியும், வவுனியாக்காரருக்கு வவுனியா பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒரு தரம் வலிப்பு வந்தவர் என்பதால் முதல் சில நாள் வாட்டில் வைத்துத் தொடங்கவே டொக்டர் விரும்பக்கூடும். மறுக்க வேண்டாம்.

பிறகு குறைப்பு. பிரகபலினைக் கிழமைக்கு 50 தொடக்கம் 100 மில்லிகிராம் அளவில் குறைப்பதுதான் பிரித்தானியாவில் சொல்லப்படுகிற பொதுவான வேகம். 1200இல் இருக்கிறவர் அந்த வேகத்தில் இறங்க மூன்று தொடக்கம் ஆறு மாதம் ஆகும். ஆறு மாதமா என்று மலைக்க வேண்டாம், ஏறினது ஆறு வருசம். 75, 50, 25 என்று சின்னக் கப்சூல்கள் இருக்கின்றன, அவற்றால் படிப்படியாக இறக்குவார்கள். கப்சூலை உடைத்துத் தூளைப் பாதியாக்குகிற வேலை வீட்டில் வேண்டாம். டயஸிபாமையும் அதே கிழமையில் குறைக்கக் கூடாது. ஒன்று அசையாமல் நிற்க மற்றது இறங்கும், எது முதலில் என்பதை டொக்டர் சொல்வார். டயஸிபாம் வகைக்கு இறக்கம் இன்னும் மெது. இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் அஷ்டன் 1982 தொடக்கம் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளியின் உடம்பு தாங்குகிற வேகத்தில்தான் போக வேண்டும் என்பது அவர் அங்கே படித்த பாடம், இன்று பலரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரு படியில் நாலு கிழமை நின்றாலும் பரவாயில்லை, திரும்ப ஏறாமல் இருந்தால் சரி. ஏறிவிட்டாலும் ஒன்றும் முடிந்துபோகவில்லை. அடுத்த கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் உங்கள் பங்கு ஒன்று உண்டு, அவர் சம்மதித்தால் மட்டும். மருந்து ஒரு மாதத்துக்கு ஒன்றாக வராமல் கிழமைக்குக் கிழமை வரட்டும். அது ஒரு பூட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும், திறப்பு உங்களிடம் இருக்கட்டும். காலமையும் இரவும் எண்ணிக் கையில் கொடுங்கள். களவாக ஒளிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. இங்கே எத்தனை, எப்போது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும்.

ஒரு இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்: கிரியற்றினின். பிரகபலின் ஈரலில் உடைவதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிற மருந்து. சிறுநீரகம் பழுதானால் அது உடம்பில் தேங்கி, எடுத்தது இரண்டு என்றாலும் நாலு எடுத்த வேலை செய்யும். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக வருத்தம் வவுனியாப் பக்கத்தில் எவ்வளவு பேரைத் தின்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே எங்கள் பகுதியில் இந்தக் கப்சூலை எழுதுகிற எவரும் கிரியற்றினினைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது என் பிடிவாதம். அதே காரணத்துக்காக, கப்சூலைக் குறைக்கிறேன் என்று டைக்ளோபெனக் ஊசிக்கும் குளிசைக்கும் ஓடவும் வேண்டாம். அது சிறுநீரகத்தையும் வயிற்றையும் சேர்த்து அழிக்கும், நரம்பு நோவுக்குக் கேட்கவும் கேட்காது.

சரி, கப்சூல் குறைந்தால் நோவை என்ன செய்வது? அவருடைய கேள்வியும் இதுதான், நியாயமான கேள்வி. நோவுக்கு வழி காட்டாமல் மருந்தைப் பிடுங்கினால் அவர் பாமசிக்குத் திரும்பிப் போவார், நானாக இருந்தாலும் போவேன்.

முதலில் காலைப் பார்க்க வேண்டும். வெட்டிய இடத்தில் நரம்பு நுனி முடிச்சாகத் திரண்டிருக்கலாம். விரலால் ஒரு இடத்தைத் தட்டினால் மின்சாரம் அடித்தது போலத் துள்ளுவார். அதற்கு ஊசியும் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. பொய்க்கால் எத்தனை வருசப் பழசு? வருசம் போகக் காலின் நுனி மெலியும், பழைய கிண்ணம் தொளதொளவென்று உரசும், அந்த உரசலே இரவு நோவாக வரும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையத்தில் அளவெடுத்து மாற்றலாம். இடுப்பில் இருக்கிற பீஸ் பற்றி எந்த டொக்டரிடம் போனாலும் முதல் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கிற இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே இருக்கிற இரும்புத் துண்டை அது அசைக்கக்கூடும்.

மருந்திலும் வேறு வழி உண்டு. அமிற்றிப்ரிலின் 10 அல்லது 25 மில்லிகிராம் இரவில், பழைய மலிவான குளிசை, நரம்பு நோவுக்கும் நித்திரைக்கும் சேர்த்து உதவும், மிதப்புத் தராது. வாய் உலரும், மலம் இறுகும், இருதய வருத்தக்காரருக்குக் கவனம் வேண்டும். டுலொக்செற்றின் இன்னொன்று.

பிறகு கண்ணாடி. சிரிக்காதீர்கள். வி. எஸ். ராமச்சந்திரன் என்ற எங்கள் தமிழர், அமெரிக்காவில் நரம்பியல் விஞ்ஞானி, 1990களில் கண்டுபிடித்த வித்தை இது. இல்லாத கை கால் நோகிறது என்றால் மூளையில் அந்தக் காலின் படம் இன்னும் அழியவில்லை, அது முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஆளைச் சுவரில் சாய்த்துக் கால் நீட்டி இருத்துங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நீளக் கண்ணாடியை, முகம் நல்ல காலின் பக்கம் பார்க்க, நிறுத்திப் பிடியுங்கள். கண்ணாடிக்குள் பார்த்தால் வெட்டுப்பட்ட கால் இருந்த இடத்தில் முழுக் கால் தெரியும். நல்ல காலின் விரல்களை மெல்ல விரித்து மடக்கட்டும், குதியைச் சுழற்றட்டும், பார்வை கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். முறுக்கிக் கிடந்த விரல் விரிகிற மாதிரி இருக்கும், சிலர் முதல் நாளே அழுவார்கள். 2007இல் அமெரிக்காவின் வோல்ரர் றீட் இராணுவ மருத்துவமனையில் கால் இழந்த படையினருக்கு நாளுக்கு 15 நிமிடம், நாலு கிழமை செய்வித்துப் பார்த்ததில் நோ குறைந்தது. எல்லாருக்கும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நட்டம் ஒரு அலுமாரிக் கண்ணாடியை ஒரு மாதம் கழற்றி வைத்தது மட்டும்.

இரவிரவாகக் கத்துகிறார் என்று எழுதினீர்கள். எல்லாக் கத்தலும் காலுக்காகவா? கேட்டுப் பாருங்கள். வன்னிச் சனத்தின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் விரிவாக எழுதியிருக்கிறார், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்து வந்தவர்களின் இரவுகளை அறிந்தவர் அவர். அந்தக் கனவுகளுக்கு டயஸிபாம் மருந்தில்லை. இரண்டு இரவு மூடி வைக்கும், மூன்றாம் இரவு இன்னும் ஒன்று கேட்கும். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் அந்த வகைக் குளிசையை அதற்கென்று கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியே விட்டது. பேச்சு வழியாகச் செய்கிற சிகிச்சை உண்டு, அதற்கும் அதே மனநலக் கிளினிக்தான்.

முகாம் பற்றிய பயம். தடுப்பில் இருந்து வந்தவருக்கு அது வெறும் பயமில்லை, ஞாபகம். 2023 டிசெம்பரில் பொலிசின் 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிய பிறகும், கந்தக்காடு புனர்வாழ்வு முகாமின் பெயர் பத்திரிகையில் வரும்போதெல்லாமும் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான். தெளிவாகச் சொல்கிறேன். கிளினிக்குக்குத் தானாக வருகிற நோயாளியை டொக்டர் பொலிசுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதவானின் கட்டளை வேண்டும். சொல்லப்போனால் ஆபத்து மற்றப் பக்கத்தில்தான் இருக்கிறது: துண்டும் இல்லாமல் கொப்பியும் இல்லாமல் நாற்பது கப்சூலோடு றோட்டில் நிற்கிறவரைத்தான் பொலிஸ் பிடிக்கும். கிளினிக் கொப்பி அவருக்குக் காவல். நேரில் போக முதல் யாரோடாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.

ஒரு இரவு இப்படியும் நடக்கலாம். கப்சூலும் டயஸிபாமும் சாராயமும் ஒன்றாகப் போய், எழுப்ப எழும்பாமல் குறட்டையோ கொறகொறப்போ வந்து, மூச்சு நின்று நின்று இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், நித்திரை கொள்ளட்டும் என்று விடாதீர்கள். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதுவும் ஊற்ற வேண்டாம், 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். என்ன எடுத்தார் என்பதை வந்தவர்களுக்குச் சொல்லுங்கள், காட்டையும் கையில் கொடுங்கள்.

பாமசியை முறையிட வழி உண்டு. துண்டு இல்லாமல் இந்த மருந்தைக் கொடுப்பது பிழை. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் உணவு மருந்துப் பரிசோதகர் இருக்கிறார், அவரிடம் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். நீங்கள் நாளைக்கே முறையிட்டு அந்தக் கதவு மூடினால், கிளினிக் தொடங்காத உங்கள் மனுசனுக்கு அது இன்னொரு அரிசி வாளி. அவர் அளவு ஒரு டொக்டரின் கைக்குப் போய்ச் சேரட்டும், அதற்கு அடுத்த நாள் முறையிடுங்கள். அதுவரை பொறுத்துக்கொள்வது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

கடைசியாக மகன். கடிதத்தின் அந்தக் கடைசி மூன்று வரிதான் என்னை மற்றதைவிட யோசிக்க வைத்தது. அவனிடம் தகப்பன் இல்லாத நேரத்தில், பையைத் தட்டிக் கொட்டாமல், "இதைக் கண்டனான், எங்கால?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டுக் காட்டிலிருந்து எடுத்தானா, வெளியில் யாரும் கொடுத்தார்களா, தான் எடுக்கிறானா, வகுப்பில் யாருக்கும் கொடுக்கிறானா என்பதெல்லாம் ஒரே மூச்சில் வராது. முதல் பதில் பொய்யாக இருக்கலாம், அடிக்க வேண்டாம். பழகிப்போன தகப்பன் ஆறு எடுத்து நடமாடுகிறார் என்பதால் பழகாத பெடியனும் அப்படி எடுக்கலாம் என்று அவன் நினைத்திருக்கக்கூடும். ஒரு பியரோடு சேர்த்தால் அது ஒரே இரவில் முடிகிற விளையாட்டு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவனையும் அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், தகப்பன் போகிற நாளில் இல்லாமல் வேறு ஒரு நாளில். பள்ளியில் சொல்ல வேண்டி வந்தால் ஆலோசனை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், காலைக் கூட்டத்துக்குப் போகிற கதையாக ஆக்க வேண்டாம். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தகப்பனுக்குக் கப்சூல் வாங்க இதுவரை பாமசிக்குப் போனது யார்? அவனைச் சைக்கிளில் அனுப்பியிருந்தால், அது இன்றோடு நிற்கட்டும்.